நடுங்கும் கையும் வறண்ட தொட்டியும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இதே மைதானத்தில் நடந்த ஒரு காரியத்தைக் கண்ணால் கண்ட பிறகு, வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்க என் மனச்சாட்சி இடம் தரவில்லை. இளம் பேச்சாளர் ஒருவர், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கைத்தடியை வாங்கி, முதுகை வளைத்து, கையை நடுநடுங்க ஆட்டி, சோடாவைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டே குடித்து, 79 வயதான நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் போல நடித்துக் காட்டி, "இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது" என்று முடிவும் சொன்னார். மைதானமே கைகொட்டிச் சிரித்தது. தடியைக் கொடுத்த பெரியவரோ, அது திரும்பி வரும்வரை எழுந்து போகவும் இயலாமல், மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் கட்சிக்காரன் அல்லன். இருபது ஆண்டுகளாக அவரை எதிர்த்துப் பேசியும், எதிர்த்து வாக்களித்தும் வருகிறவன். ஆகையால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம்! மூன்று வருஷத்துக்கு முன் அவர் அஸ்திவாரக் கல் நாட்டிய குடிநீர்த் தொட்டி, கீழத்தெரு முனையில் இன்றும் நான்கு தூண்களாக நிற்கிறது. நம் பெண்கள் விடியற்காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தூண்களைக் கடந்துதான் அடுத்த ஊருக்குத் தண்ணீருக்கு நடக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் பேசிய அந்த வீரர், தொட்டி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

"அரசாங்கக் குமாஸ்தா வயது வந்ததும் ஓய்வு பெறவில்லையா? கிழவர் வீட்டுக்குப் போகட்டுமே!" என்பதுதான் அந்தப் பேச்சாளருடைய வாதம் முழுவதும். குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பச் சர்க்கார் விதி வேண்டும். சட்டமன்ற உறுப்பினரை அனுப்ப உங்கள் ஒரு விரலில் வைக்கும் மை போதும்! சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிரம்ப வேண்டும் என்று விதித்த நம் அரசியல் சாசனம், மேலே எல்லை எதுவும் வகுக்கவில்லை. சித்தசுவாதீனம் அற்றவர் என்று சொல்லும் அதிகாரத்தையும் 191-ஆம் பிரிவில் தகுதியுள்ள நீதிமன்றத்துக்கே கொடுத்தது. சோடாப் புட்டிக்குக் கொடுக்கவில்லை!

வயதைப் பற்றித் தமிழ்நாட்டுக்கா பாடம் சொல்கிறீர்கள்? ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய 1959-இல் அவருக்கு வயது 80. பெரியார் தமது 94-ஆம் வயதில், 1973 டிசம்பர் 19 அன்று, சென்னைத் தியாகராய நகரில், உடல் வேதனையோடு மேடையேறிப் பேசினார். ஐந்தாம் நாள் மறைந்தார். அவர்களை எதிர்த்தவர்கள் அவர்களுடைய கொள்கைகளோடு மோதினார்கள். மோதுவதற்குக் கொள்கை இருந்தது.

இனி, "சித்தம் கலங்கிவிட்டது" என்ற தீர்ப்புக்கு வருவோம். அமெரிக்காவில் 1964-இல் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஒரு பத்திரிகை நாடெங்குமுள்ள மனநோய் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவர்களில் 1,189 பேர், அவரைப் பரிசோதிக்காமலே, மனநிலையால் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வினரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது தர்மமல்ல என்று அந்நாட்டு மனநோய் மருத்துவர் சங்கம் 1973-இல் விதியே வகுத்தது. பட்டம் பெற்ற வைத்தியருக்கே இந்தக் கட்டுப்பாடு! நம் பேச்சாளரோ அன்று பேச்சினிடையே நம் ஊரின் பெயரை மறந்து, பக்கத்தூர்ப் பெயரை இருமுறை சொன்னார். அவருக்கு இருபத்தெட்டு வயது. அவருடைய சித்தத்தை யார் பரிசோதிப்பது?

அப்படியானால் தலைவரின் உடல்நிலையைப் பற்றி எதுவுமே கேட்கக்கூடாதா? கேட்கத்தான் வேண்டும்! 1919-இல் பக்கவாதத்தால் விழுந்த அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனின் நிலையை உலகத்துக்கு மறைத்து, எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்பதை அவர் மனைவி முடிவு செய்தார். 1953-இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு வந்த பக்கவாதத்தையும் ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். மறைப்பது துரோகம்! ஆனால் அதை வெளிப்படுத்தும் வழி என்ன? சட்டமன்றத்துக்கு எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், அவர் பெயரில் வரும் கடிதத்தை எழுதுவது யார், தொட்டிக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்பதுதான் வழி. பதில் சொல்ல அவரால் இயலாவிட்டால், அது உங்களுக்கே விளங்கிவிடும். நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

அன்று இரவு அந்தச் சட்டமன்ற உறுப்பினர் நிம்மதியாக உறங்கியிருப்பார், ஐயா! கைநடுக்கத்துக்கு அனுதாபம் கிடைத்தது. தொட்டிக்குக் கேள்வி வரவில்லை. எதிரி என்று வந்தவர்கள் அவருக்குச் செய்த உபகாரம் அது!

கூட்டம் கலைந்த பிறகுதான் அந்தக் கைத்தடி பெரியவரிடம் திரும்பி வந்தது. அதைத் துண்டால் இரண்டு முறை துடைத்துவிட்டு, ஒருவரோடும் பேசாமல் அவர் நடந்தார். இனி எவனாவது உங்களிடம் தடி கேட்டால் கொடுக்காதீர்கள், பெரியோர்களே! அதை ஊன்றி எழுந்து நின்று, மேடையில் இருப்பவனையும் கேளுங்கள், அந்தச் சட்டமன்ற உறுப்பினரையும் கேளுங்கள்: தொட்டி எங்கே?