சுரையை இறுக்கும் முறை

பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டியிலே ஏற்றப்படுவது உர மூடையாயினும் வெங்காய மூடையாயினும், அப்பாரம் நேராகச் செல்வது பின்புறத்துச் சில மரையாணிகளின் பிடியைப் பொறுத்ததாகும். 1968ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதலாக வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பழைய வண்டிகளில், பின் அச்சைச் சட்டத்துடன் இணைப்பவை வில்லுத்தகடுகளே. அவை பாரத்தைத் தாங்குவதோடு நில்லாது, சக்கரங்கள் வண்டியை உந்தும் விசையையும் பிறேக் பிடிக்கும்போது எழும் விசையையும் சட்டத்துக்குக் கடத்துகின்றன.

வில்லின் இரு முனைகளிலுமுள்ள கண்களில் இறப்பர்ப் புஷ்கள் பொருத்தப்பட்டிருக்கும். மரையாணியை இறுக்கியதும் புஷ்ஷின் நடுப்பகுதி அசையாது பிடிபடும். அதன்பின் வில் அசையும்போதெல்லாம் இறப்பரே முறுகிக் கொடுக்கின்றது. வண்டியை ஜக்கினால் உயர்த்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலே சுரையை முற்றாக இறுக்கினால் நேர்வது யாது? வண்டி நிலத்தில் இறங்கியவுடன் இறப்பர் முறுகிவிடும். நிற்கும்போதும் ஓடும்போதும் அம்முறுக்கு நீங்காது. புதிய புஷ்ஷும் விரைவிலே கிழிந்துபோகும். பழி புஷ்ஷின் மேல் விழும். பிழையோ இறுக்கிய நேரத்தில் இருக்கும்.

ஆதலின், முதலில் சுரைகளை இலேசாகவே இறுக்கிவிட வேண்டும். பின்னர் சக்கரங்களைப் பூட்டி, வண்டியைச் சமநிலத்தில் இறக்கி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பின்புறத்தைச் சில முறை அமுக்கி விட்டால் வில் தன் இயல்பான நிலைக்கு வரும். அந்நிலையிலேதான் இறுதி இறுக்கம் தகும்.

அச்சையும் வில்லையும் சேர்த்துப் பிடிக்கும் யூ வடிவ மரையாணிகளின் கதை வேறு. வில்லின் நடுவிலுள்ள சிற்றாணி அச்சின் இடத்தைக் குறிப்பதற்கே உரியது; பிடிப்பது யூ ஆணிகளின் கடமை. அவை தளர்ந்தால் சிற்றாணி அறுந்து, அச்சு இடம் பெயரலாம். விரையும் வண்டியிலே அது உயிராபத்து. இவற்றின் நான்கு சுரைகளையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். தகடுகள் படிந்து அமர்வதால், சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சோதித்தல் அவசியம்.

சாவியின் கைப்பிடியில் நீண்ட குழாயைக் கோத்து, இயன்றமட்டும் இழுப்பது சிலர் வழக்கம். முறுக்கும் விசையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே ஆணியை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகின்றது. எஞ்சியது உராய்விலே கழிகின்றது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே விசையே ஆணியை அளவுக்கு மீறி இழுத்துவிடும். துருவேறிய மரையிலோ உராய்வு மிகுந்து, இறுகியதுபோலத் தோன்றியும் பிடி போதாது. எனவே மரையைத் துப்புரவாக்கி, வண்டியின் கைநூல் கூறும் அளவை முறுக்குமானிச் சாவியினால் பெறுதலே முறை.

கைவலிமை சுரையைச் சுழற்றும். எப்போது இறுக்குவது, எவ்வளவில் நிறுத்துவது என்னும் அறிவே வண்டியையும் அதில் செல்வோரையும் காக்கும்.