தீவகத்தில் ஒரு மின்பலகைத் திருத்தகம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். அணுவைப் பற்றியும் சந்திரனைப் பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். நாங்கள் அறிந்தது ஒரு மேசை. வாசிகசாலையின் பின்னறையில், முன்னர் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடந்த மூலையில், ஒன்றரை ஆண்டாக நாங்கள் மூவர் விடுமுறை நாட்களில் இருந்து பழகிவரும் மேசை அது. கைத்தொலைபேசி, றேடியோ, மடிக்கணினி, வள்ளங்களிற் பாவிக்கும் ஜீ.பி.எஸ். கருவி ஆகியவற்றின் மின்சுற்றுப் பலகைகளை அங்கே திருத்துகிறோம். திருத்தப் பார்க்கிறோம் என்று சொல்வதே நேர்மை.

திருத்துதல் எமது தலைமுறை கண்டுபிடித்த சங்கதியன்று. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பின்னர் பற்றறியும் தடைப்பொருளாயிற்று. அக்காலத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்ட வரலாற்றை இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் எமக்கு எத்தனையோ முறை கூறியிருக்கிறார்கள். பெற்றோல் இன்றி மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியதும் அக்காலத்திலேதான். எமக்கு அந்த அனுபவம் இல்லை. ஆயினும் 2022 ஆம் ஆண்டு பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயம் இரண்டொரு மாதத்துள் 360 ரூபா வரை சரிந்ததையும் நாங்களும் கண்டோம். அவ்வாண்டில் ஒரு கைத்தொலைபேசி கடலில் விழுந்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய நட்டம். "புதிது வாங்குங்கள்" என்று சொல்லுதல் எளிது. வாங்குபவன் பாடு வேறு. மேசை போடும் எண்ணம் எமக்கு அப்போதுதான் பிறந்தது.

முதலில் மின்சுற்றுப் பலகை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். பழைய றேடியோவினுள்ளே கம்பிகள் வைக்கோற்போர் போலச் சிக்கிக் கிடக்கும். அக்கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டையே கோடுகளாக ஒரு பலகையிற் பதித்துவிடலாம் என்று 1936 அளவில் லண்டனில் செய்துகாட்டியவர் போல் ஐஸ்லர். வியன்னா நகரை விட்டுப் புகலிடம் தேடி வந்த யூதர் அவர். இடம்பெயர்ந்தவரின் கையிற் பிறந்த பொருள் என்பதால் எமக்கு அதன்மேல் ஒரு தனிப்பற்று. அந்நாளைய பலகையில் உறுப்புகளுக்குக் கால்கள் இருந்தன. ஓட்டையிற் காலை நுழைத்து, மறுபக்கத்தில் ஈயம் வைத்தால் வேலை முடிந்தது. இன்று உறுப்புகளுக்குக் கால் இல்லை. பலகையின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 'சிப்' எனப்படும் பெரிய உறுப்புக்கோ, வயிற்றின் கீழே கடுகிலும் சிறிய ஈயக் குண்டுகள் வரிசையாக இருக்கும். (தமிழ்நாட்டு நூல்களில் இதைச் 'சில்லு' என்று எழுதுகிறார்கள். எம்மூரிற் சில்லு என்றால் வண்டிச்சில்லுதான். ஆகவே சிப் என்றே சொல்கிறோம்.) அடியில் மறைந்திருக்கும் அந்தக் குண்டுகளுக்குச் சூடுகோல் எட்டாது. அனற்காற்றை ஊதித்தான் உருக்கவேண்டும்.

எம் ஊர்ப் பொற்கொல்லர் ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரை நகையின் பொருத்துக்கு நேரே செலுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வெண்காரம் வைப்பார். பிறகுதான் பொடி வைத்து ஊதுவார். எமது மேசையில் நடப்பதும் அதுவே. வெண்காரத்துக்குப் பதிலாக 'பிளக்ஸ்' என்னும் பசை. ஊதுகுழலுக்குப் பதிலாக அனற்காற்றுக் கருவி. அதில் ஒரு திருகு சூட்டுக்கு, மற்றது காற்றின் வேகத்துக்கு. பொற்கொல்லருக்குக் கண்ணே வெப்பமானி. எமக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. ஆகையால் எண்களை நம்புகிறோம்.

அந்த எண்கள் இவை. வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் நஞ்சென்று ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை முதலாந் திகதியிலிருந்து அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் வந்த கருவிகளிற் பெரும்பாலும் வெள்ளீயத்துடன் சிறிது வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசுதான். அது உருக 217 பாகை வேண்டும். சிப்போ ஏறத்தாழ 260 பாகைக்கு மேற் பொறுக்காது. அதுவும் சில விநாடிகளே. இந்த நாற்பது பாகை இடைவெளிக்குள்ளேதான் எமது வேலை முழுவதும் நடக்கிறது. பலகையின் செப்பு சூட்டை நாற்புறமும் இழுத்துக்கொள்வதால், கருவியில் 350 பாகை அளவில் வைத்தாலும் சிப்பின் அடியில் 217 பாகை வரச் சற்று நேரம் செல்லும். பொறுமை இல்லாதவன் 450 பாகைக்குத் திருகுவான். பலகை கொப்பளித்துச் செப்புக்கோடு உரிந்துவிடும். இதற்காகவே அடியில் ஒரு சூட்டுத்தட்டு வைத்து, பலகை முழுவதையும் முன்கூட்டியே 100 முதல் 150 பாகை வரை மெல்ல ஏற்றிக்கொள்கிறோம். மேலிருந்து ஊத வேண்டிய மிச்சம் அப்போது குறைந்துவிடும். பலகையும் வளையாது.

மேசையில் இருக்கும் மற்றவற்றை விரைவாகச் சொல்கிறோம். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் சோல்டறிங் அயன் ஒன்று, நுணுக்குக்காட்டி ஒன்று, பல்மானி ஒன்று, மின்னோட்டத்துக்கு எல்லை வைக்கக்கூடிய மின்வழங்கி ஒன்று, நுனி கூரிய இடுக்கிகள், மிச்ச ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல், கழுவுவதற்கு ஐசோபுறோபைல் அற்ககோல். உடலிலுள்ள நிலைமின் சிப்பைக் கொல்லாதபடி மணிக்கட்டிற் கட்டும் பட்டியும் உண்டு. அது ஒரு மெகா ஓம் தடையினூடாக நிலத்துடன் இணைந்திருக்கும். அந்தத் தடை எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். மேசையில் மின்கசிவு ஏற்பட்டால் பட்டியே எமக்கு யமனாகாமல் இருப்பதற்கு. யன்னலோரத்தில் ஒரு விசிறி புகையை வெளியே தள்ளுகிறது. அந்தப் புகை காரீயத்தினுடையதன்று, பிளக்ஸின் புகை. இழைப்பு நோயுள்ளவர் கிட்ட வரக்கூடாது. காரீயம் கையிலேதான் ஒட்டும். ஆகவே அந்த மேசையில் தேநீரும் வடையும் கிடையாது. இந்த விதியை முதலில் மீறியவர் யார் என்பதைச் சபையிற் சொல்ல விரும்பவில்லை.

மின்சாரம் எமக்கு ஒரு தலையிடி. நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவு இது. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் தருவதற்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் முதலாந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆனால் சிப் பாதி உருகி நிற்கும் வேளையில் மின்சாரம் போனால் எந்த ஒப்பந்தமும் உதவாது. அனற்காற்றுக் கருவி 700 வாற்றுக்கு மேல் இழுப்பது; சிறிய இன்வேட்டர் அதைத் தாங்காது. எனவே வோல்ற்று ஆடும் மாலை வேளையில் பெரிய சிப்பைத் தொடுவதில்லை. காலையிலேதான்.

இனி உப்பு. பட்டணத்துத் திருத்தகங்களுக்கும் எமக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே. எம்மிடம் வருபவற்றிற் பெரும்பங்கு கடற்காற்றாலோ கடல்நீராலோ கெட்டவை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பற்றறி இணைந்தபடியே பலகை நனைந்தால், ஒரு கோட்டின் செம்பு கரைந்து, இரு கோடுகளுக்கும் இடையில் மரக்கிளை போல வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். திறந்து பார்த்தால் பச்சைப் பாசி படிந்தாற்போல இருக்கும். ஆகவே தாய்மார்களே, கைத்தொலைபேசி கடலில் விழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்; மின்னேற்றியிற் போட்டுப் பரீட்சிக்க வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைக்கவும் வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது. தவிடும் தூளும் உள்ளே போகும். அப்பிள் கம்பனியே 2024 இல் அரிசியில் வைக்கவேண்டாமென்று தன் பாவனையாளருக்கு அறிவித்தது. அன்றைக்கே எம்மிடம் கொண்டுவந்தால் பற்றறியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரால் உப்பைப் போக்கி, பின்னர் அற்ககோலாற் கழுவுவோம். மூன்றாம் நாள் கொண்டுவந்தால் எமது கையில் அதிகம் இல்லை.

எமது ஈரக்காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. உறையினின்று எடுத்து வெளியே வைத்த சிப் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதை நேரே அனலிற் காட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சிப்பைப் பிளந்துவிடும். சோளம் பொரிவது போல. முதல் மாதத்தில் இரண்டு சிப்புகளை அவ்வாறு இழந்தோம். அதன்பின் 125 பாகையிற் பல மணி நேரம் உலர்த்திய பின்பே தொடுகிறோம்.

இவ்வளவும் கருவிகளின் கதை. இனிச் சொல்வது எமது பிழை. இதை மலரில் எழுதவேண்டாம் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

சென்ற ஆனித் திருவிழாவுக்கு நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியை அம்மனைத் தரிசிக்க வந்திருந்தார். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு படகு, அங்கிருந்து இங்கே இன்னொரு படகு. கையில் ஒரு மடிக்கணினியும் இருந்தது. கீழே விழுந்தபின் அது இயங்கவில்லை. பட்டணத்தில் ஒரு கடையில் திருத்த முடியாதென்று சொல்லிவிட்டார்களாம். "தம்பிமார், பாருங்கோ" என்று மேசையில் வைத்தார். பார்த்தோம். முதன்மைச் சிப்பின் ஒரு மூலையில் குண்டு விரிசல் கண்டிருந்தது. பிளக்ஸ் செலுத்தி அனற்காற்று ஊதினோம். திரை ஒளிர்ந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நாங்களும் பூரித்துப்போனோம். "திருந்திவிட்டது" என்றோம். பணமும் பெற்றோம்.

மூன்று வாரத்தில் அது அணைந்தது. மீண்டும் இரண்டு படகேறி வந்தார். பதற்றத்தில் மறுபடியும் சூடேற்றினோம். இம்முறை பலகை வளைந்தது, உயிர் வரவில்லை.

பிழை எங்கே என்று பிறகு ஆராய்ந்தோம். விரிந்த குண்டின் முகத்தில் துரு போன்ற ஓர் ஒட்சைட்டுப் படலம் உண்டு. சிப்பின் ஓரத்தில் விட்ட பிளக்ஸ் நடுவரை செல்லாவிட்டால் அந்தப் படலம் அப்படியே இருக்கும். சூட்டில் விரிந்த உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஒட்டியிராது. சரியான முறை சிப்பை முழுவதும் கழற்றி, இரு முகத்தையும் துப்புரவாக்கி, புதிய குண்டுகள் வைத்து மீண்டும் பொருத்துவதே. நாங்கள் செய்தது, பட்டுப்போன விளக்கின் திரியை நிமிண்டி விட்டதற்குச் சமம். உலகமெங்கும் இந்தப் பிழை நடந்திருக்கிறது. 2007 இல் மைக்ரோசொப்ற் கம்பனியின் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகள் பெருந்தொகையாகக் கெட்டபோது, அக்கம்பனி உத்தரவாதத்தை மூன்றாண்டுக்கு நீட்டி, நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்தோர் பலர் அந்தப் பலகைகளைச் சூடேற்றி எழுப்பினர். அவை சில நாள் ஓடி மறுபடி படுத்தன.

ஆனால் எமது பிழை ஊதியதில் மட்டும் இல்லை. அந்தக் கணினியில் மூன்றாண்டாக அவர் தட்டச்சுச் செய்த உயர்தர மாணவருக்கான பாடக்குறிப்புகள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. "இது சில நாளே ஓடக்கூடும், இன்றைக்கே பிரதி எடுங்கள்" என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். திருந்திவிட்டது என்று சொன்னதால் அவர் எடுக்கவில்லை. அந்த மலிவுக் கணினியிற் கழற்றக்கூடிய சேமிப்புத்தட்டும் இல்லை. சேமிப்புச் சிப்பும் பலகையிலேயே ஒட்டப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

இப்போது மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. வந்த பொருள், கண்ட பழுது, செய்த வேலை எல்லாம் அதில் எழுதுகிறோம். சூட்டினால் மட்டும் எழும்பிய பொருளாயின் "திருத்தப்படவில்லை" என்றே எழுதி உரியவரிடம் கையொப்பம் வாங்குகிறோம், காசு வாங்குவதில்லை. இதனால் வருமானம் குறைந்துவிட்டதென்று பொருளாளர் குறைப்படுகிறார். அவர் சொல்வதும் மெய்தான்.

அந்தப் பலகை இன்னும் எமது இழுப்பறையில் இருக்கிறது. அதன் சேமிப்புச் சிப்பு விரலின் நகமளவு. அடியில் 153 குண்டுகள், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீற்றர் இடைவெளி. அதைப் பழுதின்றிக் கழற்றி, வாசிக்கும் கருவியிற் பொருத்தினால், உள்ளே இருப்பதை எடுக்க வழி உண்டு. ஒரு தடவைதான் முயலலாம். எமது கை இன்னும் அதற்குத் தயாராகவில்லை. செத்த பலகைகளில் அதே அளவான சிப்புகளைக் கழற்றிப் பழகுகிறோம். இதுவரை பதினொன்று கழற்றினோம், ஏழு பழுதின்றி வந்தன. பத்துக்குப் பத்தும் வரும்வரை அந்த இழுப்பறையைத் திறப்பதில்லை என்று எமக்குள் முடிவு செய்திருக்கிறோம். ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த கைத்தொலைபேசியோ இயங்காத கணினியோ கிடந்தால், பற்றறி உப்பியிருந்தால் அதைத் தொடாமல் எம்மை அழையுங்கள். மற்றவற்றைச் சனிக்கிழமை காலையில் வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள்.