நஷ்டம் நேருமுன் காணும் தொழில்

(ஏரியூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்து இளைஞர் மேற்கொள்ளத்தக்க சுயேச்சைத் தொழில்களுள் ஒன்றைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் எடுத்துக்கொண்டது இன்ஷூரன்ஸ் பரிசோதகர் தொழில். இன்ஷூரன்ஸ் என்றால் நம்மவர்க்கு நினைவில் வருபவர் பாலிசி சேர்க்க வரும் ஏஜெண்டு. சர்வேயர் என்றால் நிலமளக்க வருபவர். யாம் கூறவந்தவர் இவ்விருவருமல்லர். ஆலையோ கிடங்கோ தீப்பட்டால் நஷ்டம் எவ்வளவு, காரணம் யாது என்று கண்டு எழுதுபவர் ஒருவர். தீப்படுமுன்னரே சென்று, எங்கே ஆபத்து பதுங்கியிருக்கிறது, அதனை எங்ஙனம் விலக்கலாம் என்று கண்டு எழுதுபவர் மற்றொருவர். நம் நாட்டில் இவ்விரு பணியையும் ஒருவரே செய்வதுண்டு. அவர் எக்கம்பெனிக்கும் சம்பளக்காரராகாமல், செய்த வேலைக்குரிய கட்டணம் பெற்று வாழலாம்.

இத்தொழிலின் வரலாறு சுவையுடையது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஜக்கரையா ஆலன் என்னும் நெசவாலை முதலாளி தம் ஆலையில் தீப்பிடியாதிருக்கப் பல ஏற்பாடுகளைச் செய்து, பிரீமியத்தைக் குறைக்குமாறு கம்பெனியைக் கேட்டார். ஜாக்கிரதையுள்ள ஆலைக்கும் இல்லாத ஆலைக்கும் ஒரே விகிதமே என்று கம்பெனி மறுத்துவிட்டது. அவர் வேறு ஆலை முதலாளிகளுடன் கூடி 1835இல் ஒரு பரஸ்பர சங்கத்தை நிறுவினார். அங்கத்தினரின் ஆலைகளைப் பரிசோதிப்பதும், குறைகளைத் திருத்துவிப்பதும் அச்சங்கத்தின் வழக்கமாயின. கொதிகலன்கள் வெடித்து உயிர்கள் மாண்டுவந்த அக்காலத்திலேயே, 1866இல், ஹார்ட்போர்டு நகரில் கொதிகலனுக்கென்றே ஒரு கம்பெனி தோன்றிப் பரிசோதனையைத் தன் தொழிலின் உயிராகக் கொண்டது. நஷ்டஈடு கொடுப்பதினும் நஷ்டத்தைத் தடுப்பதே மலிவு என்பதை இவர்கள் கண்டனர்.

நம் நாட்டில் 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. 1968ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சர்வேயர்க்கு உரிமம் வேண்டும் என்னும் விதி அதில் புகுந்தது. பொது இன்ஷூரன்ஸ் 1973 ஜனவரி முதல் அரசுடைமையாயிற்று. இப்போது அரசினர் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் உடனிருக்க, ஐதராபாத்திலுள்ள ஒழுங்குமுறை ஆணையம் இத்துறையை நடத்துகிறது. தீ இன்ஷூரன்சின் பிரீமிய விகிதங்கள் முன்பு ஒரு குழுவால் நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டிருந்தன. 2007 ஜனவரி முதல் அக்கட்டு தளர்ந்தது. ஆலையின் நிலைமையைப் பார்த்து விலை கூற வேண்டியிருத்தலால், நேரிற் சென்று பார்த்துவருவோரின் சொல்லுக்கு மதிப்பு மிகுந்தது. 2015ஆம் ஆண்டு விதிகளோ, நஷ்டத்தைக் குறைத்தல், தடுத்தல், பாதுகாப்பு ஆகியவைபற்றிக் கம்பெனிக்கும் பாலிசிதாரர்க்கும் யோசனை கூறுதலையும் சர்வேயரின் கடமைகளுள் ஒன்றாக வைத்தன.

பரிசோதகர் பார்ப்பன யாவை? கட்டடம், உள்ளே நடக்கும் தொழில், பாதுகாப்புச் சாதனம், அண்டையிலுள்ள ஆபத்து என நான்கு. நம் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுக்கும் தொட்டிப் பக்கம் எங்கும் ஈரம். அங்கே தீயைவிட மின்சாரமே பகை. ஜவ்வரிசி வறுக்கும் இடத்தில் அடுப்பு. அடுப்பினின்று விறகு அடுக்கு எத்தனை அடி தூரம் என்று அளக்கவேண்டும். உலர்ந்த மாவு பறக்குமிடத்தில் தூசு காற்றில் செறிந்தால், ஒரு பொறியே வெடிப்பை உண்டாக்கும். தூண்களின்மேலும் விளக்குகளின்மேலும் எவ்வளவு மாவு படிந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றியிருக்கிறார்களா? தீயணைக்கும் கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? இரவில் ஆட்கள் உள்ளே படுத்திருக்கும்போது கதவு வெளியே பூட்டப்படுகிறதா? இவற்றுக்கு விடையை மானேஜரினும் காவற்காரரே நன்கறிவார். அவரோடு அவர் பேச்சிற் பேசத்தெரிந்தவர் நம் இளைஞர்.

முதலாளிக்கும் இதனால் நன்மையுண்டு. ரூ.1 கோடி பெறுமான ஆலையை ரூ.60 லட்சத்துக்கே இன்ஷூர் செய்து வைத்தால், ரூ.10 லட்சம் நஷ்டம் வந்தபோது, சராசரி விதிப்படி ரூ.6 லட்சமே கிடைக்கும். பிரீமியத்தை மிச்சம் பிடித்ததாக எண்ணியிருந்தவர் அப்போதுதான் திகைப்பார். முன்னரே வந்த பரிசோதகர் இதனை எடுத்துக்காட்டியிருப்பார்.

எனினும் பணத்தால் ஈடுசெய்யத்தக்கதன்று எல்லா நஷ்டமும். 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் கூரைப் பந்தல் தீப்பற்ற, மணமகன் உட்பட ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டே ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையலறைத் தீ கூரையிற் பரவி 94 குழந்தைகள் கருகினர். கீற்றின் அருகே அடுப்பு, ஒடுங்கிய படிக்கட்டு: இவற்றைக் காண நுண்ணிய கல்வி வேண்டுமா? கண்டதைக் கண்டபடி எழுதி, திருத்தும் வரையில் விடாது வற்புறுத்துவார் ஒருவர் வேண்டும். ஆலைகளில் இராப்பகலாக உழைப்போர் நம் உற்றாரும் ஊராருமே. ஏரியூரிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றோரின் உயிர் யாரோ ஒருவர் பார்க்கத் தவறிய கம்பியில் தொங்குகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, தொழிலிற் புகும் வழி. பொறியியற் கல்வியோ, கணக்காயர் தேர்ச்சியோ, இன்ஷூரன்ஸ் கல்வியோ பெற்றவர்க்கு இது திறந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு விதிகள் வகுத்த முறையில், உரிமம் பெற்ற ஒரு சர்வேயரின்கீழ் ஓராண்டு பயின்று, பரீட்சையில் தேறி, ஆணையத்தினிடம் உரிமம் பெறவேண்டும். தீ, கப்பற் சரக்கு, எஞ்சினீயரிங், மோட்டார் முதலிய பிரிவுகள் உள. முன்கூட்டிய பரிசோதனைக்குக் கம்பெனிகள் தம் எஞ்சினீயர்களையும் அனுப்புவதுண்டு. வெளியார் ஒருவரை நம்பி அனுப்பவேண்டின், உரிமமே அந்நம்பிக்கைக்கு முதற்சான்று. பின்னர்ச் சேலம், ஓசூர் முதலிய ஊர்களிலுள்ள கம்பெனி அலுவலகங்களை அணுகித் தம் பெயரைப் பதிவித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் வருவாய் சொற்பமே. பெரிய வேலைகள் பழகியவர்க்கே செல்லும். கட்டணமும் உடனே கைக்கு வாராது. ஆதலின் இரண்டோர் ஆண்டுக்கு வேறொரு வருவாயும் பொறுமையும் வேண்டும். மூலதனமோ பெரிதன்று: ஒரு மோட்டார் சைக்கிள், அளவு நாடா, டார்ச் விளக்கு, படமெடுக்கும் கருவி, நல்ல காலணி. அறிக்கையைக் குறித்த நாளில், பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இவை யாவற்றினும் பெரிய முதல்.

அதனினும் பெரிய முதல் ஒன்றுண்டு. அதுவே யாம் இங்கு வற்புறுத்த வந்தது. பரிசோதகர்க்குக் கூலி கொடுப்பது கம்பெனி. உபசாரம் செய்வது ஆலை முதலாளி. இருவர்க்கும் அஞ்சாது உள்ளதை எழுதினாலன்றி அவர் எழுத்துக்கு விலையில்லை. இன்று ஒரு முதலாளியின் முகத்துக்காகப் பூட்டிய கதவை எழுதாது விட்டால், நாளை அக்கதவின் பின்னே நிற்பவர்க்கு யார் பதில் சொல்வது? சொத்தில் தமக்கோ தம் உறவினர்க்கோ சம்பந்தம் உண்டாயின் அதனைச் சர்வேயர் முன்னரே தெரிவிக்கவேண்டுமென்று அவ்விதிகளே கூறின.

இவ்விடத்தில் சங்கத்தார்க்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளை ஒருவர் இத்தொழிலில் தலையெடுத்தால், "நம்மவர்தானே, சற்று அனுசரித்து எழுதட்டும்" என்று கேட்கும் ஆசை நமக்கு எழும். சொந்தக்காரர் ஆலை, சம்பந்தி கிடங்கு என்று தூது செல்வோம். அங்ஙனம் செய்வோமாயின் அவர் உரிமத்தையும் பெயரையும் நாமே அழித்தவராவோம். சமூகப் பற்று என்பது தகுதியுள்ளவரைத் தூக்கிவிடுவது, தவற்றை மூடிவைப்பதன்று. அவர்க்கு நாம் செய்யத்தக்க உபகாரம் இரண்டு: பயிற்சிபெறும் ஓராண்டுக்கு ஏழை இளைஞர்க்கு உணவுக்கும் உறையுளுக்கும் உதவுதல் ஒன்று, தொழிலில் நின்றபின் அவரிடம் சலுகை கேளாதிருத்தல் மற்றொன்று. இரண்டாவதற்குக் காசு செலவில்லை. ஆயினும் அதுவே அரிது.

இன்னும் ஒன்று செய்யலாம். நம் கலியாணப் பந்தல்களில் அடுப்பு எங்கே, விளக்குக் கம்பி எங்கே, வெளியேறும் வழி எத்தனை என்று அடுத்த முகூர்த்தத்திலிருந்தே நாம் பார்க்கத் தொடங்கலாம். நம் வீட்டுப் பந்தலில் குறை கூறும் இளைஞரைக் கோபியாமல் கேட்கப் பழகுவோமாயின், அவ்விளைஞர் நாளை பிறர் ஆலையிலும் தயங்காது பேசுவார்.