சொந்தத் துன்பமா, பொதுப் பிரச்சினையா?



வருமான வரிக் காலத்தில் பலருடைய கணக்கைப் பார்ப்பவன் நான். ஊரில் பொறியியலாளராக, ஆசிரியராக இருந்தவர்கள் இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார்கள். "எல்லாம் என் தலைவிதி" என்று ஒவ்வொருவரும் தன்னையே நோகிறார். வணிகப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கோப்பை கழுவிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. றைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலொன்றில் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு இலட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவருடைய சொந்தத் துன்பம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை. அப்போது ஆளை அல்ல, சமூக அமைப்பைத்தான் ஆராய வேண்டும்.

எங்கள் கதையும் இதுதான். "கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வி எத்தனையோ பேரை வாசலிலேயே நிறுத்தியது. புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் நெடுநாள் குரல் கொடுத்தன. தொழில்முறைச் சபைகளின் பதிவு முறைகள் வெளிப்படையாகவும் நேர்மையாகவும் இருக்கவேண்டுமென 2006இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. கனடிய அனுபவத்தைக் கட்டாயமாக்குவது முதற்பார்வையிலேயே பாரபட்சம் என 2013இல் மாகாண மனித உரிமை ஆணைக்குழு அறிவித்தது. வெறும் தலைவிதி என்றால் இதற்குச் சட்டம் எதற்கு?

சட்டத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. முயற்சி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் "அப்பாவுக்குத் திறமை போதாது" என்று பிள்ளைகள் நினைத்து வளரக்கூடாது. ஊரில் என்ன வேலை செய்தீர்கள், இங்கே எந்தக் கதவு மூடியிருந்தது என்று இன்றிரவே அவர்களுக்குச் சொல்லுங்கள்.