தமிழில் நாவலே வரவில்லையாம்!



'சமீபத்தில் படித்த நாவல்கள்'னு உங்க வாசகர் வட்டத்துல தலைப்புக் கொடுத்திருக்காங்க. கொடுத்தவங்களுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. வெளியூர்க்காரன் ஒருத்தன் கோவில்பட்டிக்கு வந்து நாவலைப் பத்திப் பேசறதா? பக்கத்துல இடைசெவல். கு. அழகிரிசாமிக்கு 1970ல சாகித்ய அகாதமி விருது, கி.ரா.வுக்கு 1991ல. ஒரே ஊர்! அப்புறம் பூமணிக்கு 2014ல, உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019ல. டில்லிக்காரன் தபால் உறையில இந்த ஊர் பின்கோடை அச்சடிச்சே வச்சிருப்பான் போல. இந்த ஊர் டீக்கடையில போய் 'நான் எழுத்தாளன்'னு சொன்னா, 'சரி, உட்காருங்க, உள்ளே இன்னும் நாலு பேர் இருக்காங்க'ங்கறாங்க!

நல்லாத் தட்டுங்க. ஊர்ப் பேரைச் சொன்னா தட்டுவீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

முதல்ல ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டிடறேன். போன மாசம் ஒரு மேடை. எந்த ஊர், யாருன்னு கேக்காதீங்க. ஒரு பெரிய மனுஷர், சால்வையெல்லாம் போட்டிருந்தாங்க. மைக்கைப் பிடிச்சு, 'தி. ஜானகிராமனுக்குப் பிறகு தமிழில் நாவலே வரவில்லை'ன்னார். கூட்டம் கைதட்டுது. என்னத்துக்குத் தட்டுறோம்னு தெரியாமலே தட்டுது. கீழே இறங்கினதும் பக்குவமா கேட்டேன். 'ஐயா கடைசியாப் படிச்ச நாவல் என்னங்க?' 'மோகமுள்'ன்னார். மோகமுள் புத்தகமா வந்து ஏறக்குறைய அறுபது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஐயா கடைப் பக்கமே போகல. கடைக்கே போகாதவர் சொல்றார், கடையில சரக்கு இல்லையாம்!

இன்னிக்கு நான் பேசறது பூரா அவருக்குப் பதில்தான். அவர் இங்கே இல்ல. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அவர் மாதிரி நூறு பேர் இருக்காங்க.

சோ. தர்மனோட 'சூல்' படிச்சீங்களா? கை தூக்குங்க பாப்போம். பரவாயில்ல, பாதிக்கு மேல தூக்கிட்டீங்க. மில்லுல வேலை பார்த்த மனுஷன், ஒரு கண்மாயைக் கதாநாயகன் ஆக்கிட்டார். எட்டயபுரம் ஜமீன் காலத்துல தொடங்கி, மடையைக் காவல் காத்த மடைக் குடும்பன், தூர்வாரின கை, கரையில நட்ட மரம், மீன், கொக்குன்னு ஊரையே தண்ணிக்குள்ள வச்சுக் காட்டறார். பொதுப்பணித் துறையில சேர்ற ஒவ்வொரு இன்ஜினியருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோட சேர்த்துக் கொடுக்கணும் அந்த நாவலை. ஆனா ஒண்ணு, உங்க ஊர்க்காரர்ங்கறதுக்காக நான் மறைக்க மாட்டேன். கடைசி மூணுல ஒரு பங்குல கதையை ஓரமா நிறுத்திட்டு ஆசிரியரே மைக்கைப் பிடிச்சுட்டார். சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு பேசறார். கெட்டுப்போச்சுதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா அதையும் கண்மாயே சொல்லியிருக்கணும். முதல் பாதியில அது எவ்வளவு நல்லாப் பேசிச்சு!

என்ன, முணுமுணுக்கறீங்க? தர்மனை நேர்ல பாத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது பூமணியோட 'அஞ்ஞாடி'. 2012ல வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல. கலிங்கல்னு ஒரு கிராமம், ஆண்டின்னு ஒரு பையன், மாரின்னு ஒரு பையன். ஒருத்தன் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை, ஒருத்தன் ஊர்த் துணி வெளுக்கிற வீட்டுப் பிள்ளை. இந்த ரெண்டு சிநேகிதக்காரப் பயல்களைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போனா, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரைக்கும் கொண்டுபோய் விடறார்.

கழுகுமலைன்னதும் முன்வரிசை அமைதியாயிட்டீங்க. தெரியும். இங்கிருந்து பஸ் ஏறினா அரை மணி, முக்கால் மணி. நூத்திச் சொச்சம் வருஷம் ஆகியும் இன்னும் குரலைத் தாழ்த்திப் பேசற விஷயம். அதைத்தான் சொல்றேன். நாம வீட்டுல குரலைத் தாழ்த்திப் பேசறதை, ஆவணம் ஆவணமாத் தேடிப் படிச்சு, எந்தப் பக்கமும் சாயாம ஒரு மனுஷன் எழுதி வச்சிருக்கார். அதுக்குப் பேர் நாவல் இல்லையாம். சால்வை ஐயா சொல்றார்!

'அஞ்ஞாடி'ன்னதும் இன்னொருத்தரைச் சொல்லியாகணும். எங்க பக்கத்துல ஒரு ஊர்ப்புற நூலகர். பேர் சொன்னா அவருக்குப் பிடிக்காது, அதனால சொல்லல. அவர்கிட்ட 'அஞ்ஞாடி' ஒரே ஒரு பிரதி. அந்தக் கனத்துக்கு நாலாவது ஆள் கைக்குப் போறப்பவே முதுகு விட்டுப்போச்சு. எடுத்துட்டுப் போனவங்க தவணை முடிஞ்சும் திருப்பித் தர்றதில்ல, படிச்சு முடிச்சாத்தானே தருவாங்க? காத்திருக்கிறவங்க பத்துப் பதினஞ்சு பேர். மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், கதவைச் சாத்திக்கிட்டு, பிளேடை எடுத்துப் புத்தகத்தை மூணா அறுத்துட்டார்!

பதறாதீங்க. மூணுக்கும் தனித்தனியா அட்டை வச்சு, காடாத் துணி ஒட்டி, மைதாப் பசை காய்ச்சி, ஊசி நூல் போட்டுத் தச்சு பைண்டு பண்ணிட்டார். ஒரு நாவலை மூணு பேர் ஒரே நேரத்துல படிக்கலாம். ஊருக்குள்ள என்ன ஆச்சுன்னா, முதல் பாகம் முடிச்ச தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ரெண்டாம் பாகம் வச்சிருக்கிற டெய்லர் வீட்டு வாசல்ல காலையில வந்து நிக்கிறார். 'அண்ணாச்சி, முடிச்சிட்டீங்களா?' 'இன்னும் நாப்பது பக்கம் இருக்கு, மாரி என்ன ஆகப் போறான்னே தெரியல, போயிட்டு சாயங்காலம் வாங்க.' சட்டை தைக்கக் கொடுத்தவன் அந்தப் பக்கமே நிக்கிறான், அவனை யாரும் கண்டுக்கல!

சிரிக்காதீங்க, கதை முடியல. அப்புறம் தணிக்கைக்கு வந்தாங்க. பதிவேட்டுல ஒரு புத்தகம். அலமாரியில மூணு. வந்தவருக்குத் தலை சுத்துது. குறைஞ்சா வசூல் பண்றதுக்கு விதி இருக்கு. கூடினா என்ன பண்றதுன்னு விதி இல்ல! நம்ம ஆள் சொன்னார், 'சார், இது ஒண்ணுதான். மூணாப் படிக்குது.' அந்த மனுஷனுக்கு விருது கொடுத்தாங்களா? சால்வை போட்டாங்களா? தொகுப்பூதியத்துல கிடந்தார்.

அதனால பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயிரம் பக்கத்துக்கு எழுதறவர் எழுதட்டும். சு. வெங்கடேசனோட 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல, தாதனூர்க் களவும் காவலும் வர்ற இடமெல்லாம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துட்டுப் படிச்சவன் நான். மதுரைக் கோட்டையை இடிக்கிற பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். ஆனா ஆயிரம் பக்கத்துக்கும் சரக்கு இருக்கிறவங்க நாலு பேர்னா, அவங்களைப் பாத்து வீங்கினவங்க நாப்பது பேர். வெட்டறதுக்கு எடிட்டர் இல்ல. எங்க நூலகர் தைக்கிறதுக்காக அறுத்தார். நீங்க குறைக்கிறதுக்காக அறுங்க.

சின்ன நாவல் எப்படி இருக்கணும்னா, தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்' எடுத்துப் பாருங்க. 2023ல அகாதமி விருது வாங்கினது. இருநூறு பக்கம் இருந்தா அதிகம். காரு மாமான்னு ஒருத்தர், கொங்கு நாட்டுல குடிநாவிதர். ஊர் முழுக்க நல்லது கெட்டதுக்கு நின்ன மனுஷன். செத்துப்போறார். சொந்தபந்தம் கூடுது. பகை வச்சிருந்தவங்க, பேச்சை நிறுத்தினவங்க எல்லாரும் வந்து உக்கார்றாங்க. கதை அவ்வளவுதான். படிச்சு முடிச்சிட்டு எங்க தாய்மாமனுக்கு போன் போட்டேன், ரொம்ப வருஷம் கழிச்சு. என்ன விஷயம்னார். சும்மாதான்னேன்.

ஆனா சமீபத்துல என்னை அடிச்சுப் போட்டது இமையத்தோட 'செல்லாத பணம்'தான். இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு ரேவதி. ஆட்டோ ஓட்டற ரவியைத்தான் கட்டிக்குவேன்னு நின்னு கட்டிக்கிட்டா. அப்பா வாத்தியார், காசு பணம் உள்ளவர். ஒரு நாள் பொண்ணு தீக்காயத்தோட ஜிப்மர்ல கிடக்கிறா. நாவல்ல பெரும்பகுதி வார்டுக்கு வெளியில காத்திருக்கிற ஜனங்க பேசற பேச்சுதான். தீக்காய வார்டு வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், அங்கே முகம் தெரியாத ஆள் கேக்கற முதல் கேள்வி, 'எத்தனை பர்சன்ட்?' அந்தப் பேச்சை இமையம் அழாம, அழவைக்கணும்னு பாக்காம எழுதிட்டார். யார் மேல தப்புன்னு தீர்ப்புச் சொல்லல. கூட்டத்துல பொண்ணைப் பெத்தவங்க இருப்பீங்க. தயவுசெஞ்சு படிங்க. மகளுக்கும் கொடுங்க, மருமகனுக்கு முதல்ல கொடுங்க.

ஏன் எல்லாரும் இப்படி நிசப்தமாயிட்டீங்க? சரி, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம் வாங்க.

பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில கயித்துல கிளிப் போட்டுத் தொங்குமே, பாக்கெட் நாவல்! ராஜேஷ்குமார்! பாருங்க, பூமணிக்குத் தட்டினதை விட இவருக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. விவேக்–ரூபலா யாருக்கு ஞாபகம் இருக்கு? பட்டுக்கோட்டை பிரபாகர் எழுதின பரத்–சுசீலா? சுபாவோட நரேந்திரன்–வைஜயந்தி? ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல எழுதிட்டார்ங்கறாங்க. அம்பது கூடவோ குறைச்சலோ, எண்ணினவன் யாரு? ஒரு அத்தியாயம் கோயம்புத்தூர்ல ஒரு கதை, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாம வேற ஊர்ல வேற கதை. கடைசியில ரெண்டையும் ஒரு முடிச்சுல கொண்டுவந்து போடுவார் பாருங்க, அது லேசுப்பட்ட வேலை இல்ல. பாத்திரத்துக்கு ஆழம் இல்லையா? இல்லதான். ஆனா எழுத்துக்கூட்டிப் படிச்ச லட்சக்கணக்கான பேரை முழுப் புத்தகம் படிக்க வச்சது அந்தச் சாணித்தாள்தானே? எனக்குத் தெரிஞ்ச விமர்சகர் ஒருத்தர், பேர் வேண்டாம், மேடையில காஃப்கா இல்லாம வாயைத் திறக்க மாட்டார். ராத்திரி ரயில்ல அப்பர் பெர்த்துல, இங்கிலீஷ் பத்திரிகைக்குள்ள க்ரைம் நாவலை மறைச்சு வச்சுப் படிக்கிறார்! லோயர் பெர்த்துல நான். முடிவை நான் சொல்லிட்டேன், விடியவிடிய என்னோட பேசல.

அதே வெங்கடேசனோட 'வேள்பாரி'யையும் சொல்லணும். விகடன்ல நூறு வாரத்துக்கு மேல வந்துச்சு, மணியம் செல்வன் ஓவியத்தோட. பறம்பு மலையையும் செடிகொடியையும் எழுதின இடமெல்லாம் பிரமாதம். ஆனா பாரிகிட்ட ஒரு குறைகூட இல்லையே! எனக்குக் குறை இல்லாத ஆள்மேல நம்பிக்கை வரமாட்டேங்குது. தாதனூர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும் குறை வச்ச கை, பாரிக்கு மட்டும் ஏன் தயங்குச்சு? ஈழத்தைச் சேர்ந்த ஷோபாசக்தி எழுதின 'இச்சா' 2019ல வந்தது. ஆலான்னு ஒரு பொண்ணு, புலிகள் இயக்கத்துல இருந்தவ, சிறைக்குள்ள. அங்கே யாரும் குறை இல்லாதவங்க இல்ல. அதான் நெஞ்சுல நிக்குது.

படிக்காமப் பேசறதுல சால்வை ஐயாவாவது பரவாயில்ல, மோகமுள்ளாவது படிச்சார். பெருமாள்முருகனுக்கு என்ன நடந்துச்சு? 'மாதொருபாகன்' வந்தது 2010. நாலு வருஷம் ஒரு சத்தமும் இல்ல. 2014 கடைசியில சில பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊர் பூரா கொடுத்தாங்க. ஜெராக்ஸைப் படிச்சிட்டு நாவலை எரிச்சாங்க. 2015 ஜனவரியில அந்த மனுஷன், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு தானே அறிவிக்கிற நிலைமை. 2016 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதோட சாரம் என்ன? பிடிக்கலையா, படிக்காத, மூடி வை. அவர் எழுதட்டும். இதைச் சொல்ல ஒரு தலைமை நீதிபதி வேண்டியிருந்தது நமக்கு! அப்புறம் அதே ஆளோட 'பூக்குழி' சர்வதேச புக்கர் நெடும்பட்டியல்ல வந்துச்சு, 'ஆளண்டாப்பட்சி'க்கு 2023ல ஜேசிபி பரிசு. எரிச்சவங்கள்ல யாராவது இப்பவாவது முழுசாப் படிச்சாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.

தலைவர் கடிகாரத்தைப் பாக்கறார். முடிச்சிடறேன்.

நீங்க ஒவ்வொருத்தரும் வீட்டு வரி கட்டறீங்க. ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய். 1948லயே நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது, சுதந்திர இந்தியாவுல நமக்குத்தான் முன்னாடி. ஆக நூலகத்துல இருக்கிற புத்தகம் உங்க காசு. ஆனா எந்த நாவல் வாங்கணும்னு நீங்க என்னிக்காவது சொன்னீங்களா? நீங்க சொல்லாததனாலதான் யாரோ சொல்றாங்க. அவங்க சொன்னது அலமாரியில பாலிதீன் உறை பிரிக்காம உக்காந்திருக்கு.

இன்னிக்கு நான் சொன்ன நாவல்ல ஏதாவது ஒண்ணு உங்க கிளை நூலகத்துல இல்லைன்னா, அங்கே நோட்டு வாங்கி, நாவல் பேர், எழுதினவர் பேர், உங்க உறுப்பினர் எண் மூணையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒருத்தர் எழுதினா மறந்துடுவாங்க, ஐம்பது பேர் எழுதினா வாங்கித்தான் ஆகணும். நாளைக்கே போங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, அன்னிக்கு நூலகம் லீவு.