தீரா வலியும் புதிய மருத்துவமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டிய இச்சங்கத்தின் விழாவில் கல்வியின் சிறப்பைப் பேசப் பலர் உளர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. ஒற்றைத் தலைவலி, இடுப்புவலி, மூட்டுவலி முதலிய நாட்பட்ட வலிகளுக்கு இன்று வந்துள்ள கூட்டு மருத்துவ முறையைப் பற்றியும், கைப்பேசி வழியாகக் கிடைக்கும் மருத்துவ உதவியைப் பற்றியும் பேசுமாறு பணித்துள்ளனர். இத்தலைப்பும் கல்வியோடு நெருங்கிய தொடர்புடையதே என்பதை என் உரை முடியும்முன் நீங்கள் உணர்வீர்கள்.

காய்ச்சலை வெப்பமானி காட்டும். எலும்பு முறிவை எக்ஸ்ரே படம் காட்டும். வலியைக் காட்டும் கருவி மட்டும் இல்லை. வலிப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. கேட்பவர் நம்பினால்தான் மருந்துண்டு. நம் மக்களின் சொல் எந்த அளவுக்கு நம்பப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நடவுக்கும் சூளைக்கும் செல்லும் பெண் தலை பிளக்கிறது என்றால், வேலைக்குச் சோம்பிச் சொல்லும் சாக்கு என்பர். வகுப்பில் மாணவி சொன்னால், தேர்வுக்கு அஞ்சுகிறாள் என்பர். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 'உழைக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும்' என்று நாமே நம்மைத் தேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதே அது.

இஃது இந்நாட்டிற்கு மட்டும் உரிய இழிவன்று. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெள்ளையரான மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவருமாக 222 பேரிடம் வினவியதில், ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பின மக்களின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்யான கருத்துகளில் ஒன்றையேனும் நம்பினர். அவ்வாறு நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைவாகவே மதிப்பிட்டனர். படித்த மருத்துவரின் உள்ளத்திலும் பிறப்பைப் பற்றிய பொய் புகுந்து மருந்தைத் தடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால் உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்குரிய இலக்கணத்தைத் திருத்தியமைத்தபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதித்தல் வேண்டும் என்று தெளிவாகவே குறித்துள்ளது. இதை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒற்றைத் தலைவலியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மைக்ரேன் என்று மருத்துவர் கூறும் இந்நோய், மருந்தில்லாவிடின் 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் இரைச்சலும் தாங்கா. சிலர்க்கு முன்னதாகவே கண்முன் வளைகோடுகள் மின்னும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இது கண்ணேறும் அன்று, பேய்க்கோளாறும் அன்று, சோம்பலும் அன்று. முகத்திற்கும் தலைக்கும் உரிய நரம்புகளிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் இவ்வலியில் பங்கு கொள்கிறது என்பது 1990ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டது. அப்பொருளைத் தடுக்கும் ஊசிமருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வழியைத் திறந்த நால்வர்க்கு 2021இல் மூளை ஆய்வுக்குரிய பெரும் பரிசு வழங்கப்பட்டது. விலை மிகுந்த அம்மருந்து இன்னும் ஏழையின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆயினும் குறைந்த விலையில் கிடைக்கும் பழைய தடுப்பு மாத்திரைகளும் உள. அவற்றைத் தருவது மருத்துவரின் வேலை. மருத்துவரிடம் செல்வது நம் வேலை.

நாமோ மருந்துக்கடைக்குச் செல்கிறோம். 'தலைவலிக்கு ஒன்று கொடுங்கள்' என்று வாங்கி விழுங்கிவிட்டுக் களத்திற்கு ஓடுகிறோம். இங்கே ஓர் அபாயம் உண்டு. தலைவலி உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையாயின் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி என்று அச்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இனிக் கூட்டு மருத்துவம் என்பது யாது? அதைத் தோற்றுவித்தவர்களுள் முதல்வரான ஜான் பொனிக்கா என்பாரின் வரலாற்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். இத்தாலி நாட்டுச் சிறு தீவொன்றில் 1917இல் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். தந்தை இறந்தபின் காலணி துடைத்தும் செய்தித்தாள் விற்றும் குடும்பத்தைக் காத்தார். மற்போர் புரிந்து ஈட்டிய பொருளால் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவமனையில் பணியாற்றுகையில், புண் ஆறியும் வலி ஆறாத வீரர்களைக் கண்டார். நரம்பு மருத்துவர் ஒருவர் நரம்பை மட்டும் பார்த்தார். எலும்பு மருத்துவர் எலும்பை மட்டும் பார்த்தார். மனிதனை முழுமையாகப் பார்ப்பார் எவருமிலர். பொனிக்கா அவர்களை ஒன்றாக அமரச் செய்து, ஒரே நோயாளியைப் பற்றிக் கலந்து பேச வைத்தார். 1953இல் வலி மருத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1960இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினர் கூடிப் பணியாற்றும் வலி மருத்துவ நிலையத்தை நிறுவினார். மேலே கூறிய உலக வலி ஆய்வுச் சங்கம் 1973இல் அவர் கூட்டிய மாநாட்டில் பிறந்ததே. மற்போரில் பட்ட காயங்களால் அவரும் வாழ்நாள் முழுவதும் வலியோடு வாழ்ந்தவர். வலியை அறிந்தவரே வலி மருத்துவத்தை வகுத்தார் என்பது நாம் கருதத்தக்கது.

இம்முறையில் மருந்து தருபவர் ஒருவர். உடற்பயிற்சி கற்பிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர். உறக்கத்தையும் கவலையையும் கேட்டறியும் மனநல ஆலோசகர் ஒருவர். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், 'என்னைப் பைத்தியம் என்கிறாரோ' என்று எவரும் மனம் நோக வேண்டா. உடலிலிருந்து வரும் வலிச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கிறது என்றும், மூளை அவ்வாயிலை அகலத் திறக்கவும் ஓரளவு அடைக்கவும் வல்லது என்றும் 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர் விளக்கினர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன எனினும், அடிப்படை நிலைத்துள்ளது. துயரமும் உறக்கமின்மையும் வலியைப் பெருக்கும். அமைதியும் அளவான பயிற்சியும் குறைக்கும். வலி உண்மை, மனமும் உண்மை, இரண்டிற்கும் மருத்துவம் வேண்டும்.

இத்தனை பேரையும் காண நகரத்து மருத்துவமனைக்கு எத்தனை முறை செல்வது, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்குதான் கைப்பேசி உதவுகிறது. தொலைவிலிருந்தே மருத்துவரைக் கண்டு பேசும் இ-சஞ்சீவனி என்னும் அரசுத் திட்டம் 2019இல் தொடங்கியது. 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதியும் சேர்ந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைப் பயிற்சியையும் வீட்டு வாயிலுக்குக் கொணர வழி செய்தது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கைப்பேசிச் செயலி வாயிலாகக் கற்பித்து நியூயார்க் நகரில் ஓர் ஆய்வு செய்தனர்; 2019இல் வெளியான அதன் முடிவின்படி, வாரம் இருமுறையேனும் பயின்றவர்களுக்கு மாதத்தில் ஏறத்தாழ நான்கு தலைவலி நாட்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் அப்பயிற்சிக்குச் செலவு ஒன்றுமில்லை.

எந்திரம் ஏழையின் சொல்லுக்குச் சாட்சியாக வந்த கதையொன்றையும் கேளுங்கள். முழங்கால் தேய்வை எக்ஸ்ரே படத்தில் அளக்க 1957இல் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல் உண்டு. அந்த அளவுகோலில் ஒரே நிலையில் உள்ளவருள்ளும், கறுப்பின மக்களும் ஏழைகளும் கூடுதலான வலியைச் சொல்லிவந்தனர். காரணம் முழங்காலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று பலர் கருதினர். 2021இல் ஆய்வாளர் சிலர், மருத்துவர் இட்ட மதிப்பை விடுத்து, நோயாளிகள் தாமே சொன்ன வலியளவைக் கொண்டு கணினியைப் பழக்கினர். இனங்களுக்கிடையே காணப்பட்ட அவ்வேறுபாட்டில் பழைய அளவுகோல் 9 விழுக்காட்டையே விளக்கியது. கணினியோ முழங்கால் படத்திலிருந்தே 43 விழுக்காட்டை விளக்கியது. குறை முழங்காலிலேயே இருந்தது. அளவுகோல்தான் அதைக் காணவில்லை! ஏழையின் சொல்லை ஆசானாகக் கொண்டபோதுதான் எந்திரத்திற்கும் கண் திறந்தது.

ஆகவே, இளைஞர்களே, புதிய மருத்துவத்திற்கு அடிப்படை நோயாளியின் சொல்தான். சொல் காற்றில் போகும், எழுத்து நிற்கும். மருத்துவர் எதிரே இரண்டு நிமிடம் நிற்கும் தாய்க்கு, மூன்று மாத வேதனை அனைத்தும் நினைவில் வாரா. உங்களிடம் எழுத்து உண்டு. ஆதலின் உங்களை நான் வேண்டுவன இவை:

1. வீட்டில் வலியுள்ளவர்க்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நாள், வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பத்துக்கு எத்தனை வலி, முன்னிரவு உறக்கம், தவறிய உணவு, வெயில், மாதவிலக்கு, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதுங்கள். கைப்பேசியிலும் எழுதலாம், நாற்பது பக்க நோட்டும் போதும்.

2. மூன்று மாதத்தில் வலியால் வேலையோ பள்ளியோ இழந்த நாட்கள், பாதி வேலையே செய்த நாட்கள், வீட்டு வேலை நின்ற நாட்கள், அது பாதியான நாட்கள், உறவினர் இல்ல நிகழ்ச்சிகளுக்குச் செல்ல இயலாத நாட்கள் ஆகிய ஐந்தையும் கூட்டுங்கள். மருத்துவர் பயன்படுத்தும் கணக்கே இது. தலைவலியால் இத்தொகை 21ஐ எட்டினால் பாதிப்புக் கடுமையானது.

3. திடீரென இடிபோல் வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வலி, ஐம்பது வயதிற்குமேல் புதிதாகத் தோன்றிய தலைவலி ஆகியவற்றுக்குக் கைப்பேசியை நம்பி இராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

4. இலவசம் என்று சொல்லும் ஒவ்வொரு செயலியிலும் தாயின் நோய்க்குறிப்பைக் கொட்டாதீர்கள். அது நம் உடைமை. யார் கைக்குச் செல்கிறது என்று கேளுங்கள்.

நம் முன்னோர்க்கு வலி இருந்தது. அதை எழுதி வைக்க எழுத்து மறுக்கப்பட்டது. எனவே அவர்கள் பட்ட பாட்டிற்கு ஏடும் இல்லை, கணக்கும் இல்லை. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் ஈட்டித் தந்த எழுத்தை விண்ணப்பம் எழுதவும் தேர்வு எழுதவும் மட்டும் பயன்படுத்தினால் போதாது. இன்றிரவே உங்கள் தாயிடம், 'அம்மா, எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அந்த நோட்டைக் கையில் கொண்டு மருத்துவர் முன் நிமிர்ந்து அமருங்கள்.