ஒரே கோட்டில் மூன்று ஊர்கள்

(ஆண்டு விழாவில் மாணவர்களுக்கென நிகழ்த்திய உரை)



கோடை விடுமுறை கழிந்து வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லிங்கராஜபுரம் திரும்பும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு வினா எழுப்புகின்றனர்: "அங்கே அனல் வீசுகிறதே, இங்கே மட்டும் அவ்வளவு இல்லையே, ஏன்?" பெரியவர்களாகிய நாமோ, "ஊர் வாகு அப்படி" என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். பூகோளம் இதனினும் நல்ல விடை வைத்திருக்கிறது.

தேசப்படத்தை விரித்துப் பார்ப்போம். பெங்களூர், வேலூர், சென்னை ஆகிய மூன்றும் வடக்கு அட்சரேகை 13 பாகையை ஒட்டி, ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தவை. ஆதலால் கதிரவன் மூன்றுக்கும் ஒரே உயரத்தில் நின்றே காய்கிறான். ஐயமிருப்பின், ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டி முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டுப் பாருங்கள். இங்கே சுமார் 12 மணி 18 நிமிடத்துக்கு அதன் நிழல் அடியோடு மறையும். சென்னையிலும் அதே நாளில் மறையும். ஆனால் ஏறத்தாழ 11 நிமிடம் முந்தி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே உள்ள ஊர் கதிரவனை முதலில் எதிர்கொள்கிறது. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஆகஸ்டு 18-ஐ ஒட்டி மீண்டும் இது நிகழும். அப்பொழுது மேகம் நம்மை ஏமாற்றினும் ஏமாற்றும்.

வெயில் ஒன்றாயிருக்க, வெப்பம் வேறாவதேன்? உயரமே காரணம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சராசரி ஆறரை டிகிரி வெப்பம் குறையும். நாமோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் வாழ்கிறோம். தென் அமெரிக்காவில் கீட்டோ நகரம் பூமத்திய ரேகையை ஒட்டியிருந்தும், 2,850 மீட்டர் உயரத்தால் குளிர்ந்திருக்கிறது. சென்னைக்கு உயரம் இல்லை. பிற்பகல் கடற்காற்று உண்டு. வேலூருக்கு இரண்டும் இல்லை. அதனை 'வெயிலூர்' என்று கேலி செய்வோர் இதனைக் கருதி இரங்கலாம்! ஆனால் உயரத்தை நம்பி நாமும் இறுமாந்திருக்க இயலாது. 2016 ஏப்ரலில் பெங்களூரிலேயே வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியது.

இனி மழை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதியைப் பொழிந்துவிட்டு, எஞ்சியதை நமக்குத் தருகிறது. சென்னைக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை.

பெய்த நீர் எங்கே செல்கிறது? பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் அமைந்தது. மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியைச் சேரும். நம் லிங்கராஜபுரம் இருப்பது கிழக்குச் சரிவில். இங்கு வழியும் நீர், ராஜகால்வாய்களும் ஏரிகளும் கடந்து தென்பெண்ணையை அடைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பிழைப்பு நாடி நாம் மேட்டுக்கு ஏறி வந்தோம்; நம் கூரையில் விழும் மழையோ தமிழகத்துக்கே இறங்கிச் செல்கிறது!

ஆனால் எவ்வாறு செல்கிறது? ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்குவதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். பெங்களூரின் கழிவுநீர் கலந்ததன் விளைவு அது. நாம் குடிப்பதற்கோ, சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேடேற்றிக் கொண்டுவருகின்றனர். தெருக் கால்வாயில் வீசிய பொட்டலம் எங்கே போகும் என்று உங்கள் பிள்ளை கேட்டால், தேசப்படத்தில் கடலூரின் மீது விரல் வைத்துக் காட்டுங்கள்.